பந்தும் காயினும் ஆளும் மோதினால்: உந்தக் கணக்கு போடப் பழகுவோம்

பதினோராம் வகுப்பில் நான் முட்டை வாங்கிய முதல் இயற்பியல் கணக்கு ஒரு கிரிக்கெட் பந்தைப் பற்றியது. 160 கிராம் பந்து வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் வருகிறது. பேட்ஸ்மேன் அதை வந்த வழியே வினாடிக்கு 25 மீட்டர் வேகத்தில் திருப்பி அடிக்கிறார். பந்தின் உந்தம் எவ்வளவு மாறியது? முப்பதில் இருபத்தைந்து போனால் ஐந்து. அதை 0.16 ஆல் பெருக்கினால் 0.8. விடைக்கு அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருந்தேன். சரியான விடை 8.8.

பதினொரு மடங்கு பிழை. அப்புறம் பல பேருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில் சொல்கிறேன்: மோதல் கணக்கில் எல்லோரும் விழுவது இரண்டு இடத்தில்தான். ஒன்று திசை, இன்னொன்று நேரம். மற்றதெல்லாம் கூட்டல், பெருக்கல். அந்த இரண்டு இடத்திலும் விழாமல் எப்படிப் போவது என்று கிரிக்கெட், கேரம், கபடி மூன்றையும் வைத்துப் பார்ப்போம்.

இரண்டே அளவுகள்

ஒரு பொருளின் நிறையை அதன் திசைவேகத்தால் பெருக்கினால் வருவது உந்தம். ஒரு விசையை, அது செயல்பட்ட நேரத்தால் பெருக்கினால் வருவது கணத்தாக்கு. இரண்டையும் இணைக்கும் விதி ஒற்றை வரி:

விசை × நேரம் = உந்தத்தில் ஏற்பட்ட மாற்றம்

விசை என்றால் நிறை பெருக்கல் முடுக்கம் என்று நாம் மனப்பாடம் செய்கிறோம். ஆனால் 1687இல் நியூட்டன் தன் இரண்டாம் விதியை வெளியிட்டபோது இயக்கத்தின் அளவில், அதாவது உந்தத்தில், வரும் மாற்றத்தைப் பற்றித்தான் எழுதினார். மோதலுக்கு அந்த வடிவம்தான் வசதி. பந்து மட்டையில் பட்டிருக்கும் அந்தத் துளி நேரத்துக்குள் விசை ஏறி இறங்குவதை யாரால் தொடர முடியும்? முன்னும் பின்னும் இருக்கும் உந்தத்தைப் பார்த்தால் போதும், நடுவில் நடந்ததன் மொத்தம் கிடைத்துவிடும்.

இதில் ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். உந்தம் அதிகம் என்றால் அடி பலம் என்று பலர் நினைக்கிறார்கள். 2003 உலகக் கோப்பையில் கேப் டவுனில் ஷோயப் அக்தர் வீசிய ஒரு பந்து மணிக்கு 161.3 கிலோமீட்டர் வேகம், அதாவது வினாடிக்கு 44.8 மீட்டர். பந்து 160 கிராம் என்று வைத்தால் அதன் உந்தம் சுமார் 7.2. இதே உந்தம் 70 கிலோ ஆளிடம் இருக்க வேண்டுமானால் அவர் வினாடிக்குப் பத்து சென்டிமீட்டர் நகர்ந்தால் போதும். ரேஷன் கடை வரிசை அதைவிட வேகமாக நகரும்! ஆனால் அந்த ஆள் நம் மேல் சாய்ந்தால் 'சாரி' சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பந்து விலா எலும்பை உடைக்கும். உந்தம் ஒன்றாக இருந்தாலும் இயக்க ஆற்றல் (நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி) ஒன்றல்ல. பந்துக்கு ஏறத்தாழ 160 ஜூல், ஆளுக்கு அரை ஜூல்கூட இல்லை. எது எப்போது தேவை என்பது போகப்போகப் புரியும்.

பேனாவை எடுக்கும் முன்

கிராமைக் கிலோகிராமாக்குங்கள், ஆயிரத்தால் வகுத்து. மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்பதை 3.6 ஆல் வகுத்தால் வினாடிக்கு இத்தனை மீட்டர். உந்தத்துக்கும் கணத்தாக்குக்கும் அலகு ஒன்றுதான், நியூட்டன்-வினாடி. உந்தத்தைக் கிலோகிராம்-மீட்டர்/வினாடி என்றும் எழுதலாம். ஆனால் அவசரத்தில் 'கிலோ மீட்டர்' என்று சுருக்கிவிட்டு அதைத் தூரம் என்று குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். நியூட்டன்-வினாடியே நிம்மதி.

திசைக்கு ஒரு குறி

இப்போது என் முட்டைக்கு வருவோம். தாளில் ஒரு கோடு போட்டு, ஒரு முனையில் அம்புக்குறி வையுங்கள். அம்பு பார்க்கும் பக்கம் கூட்டல், எதிர்ப்பக்கம் கழித்தல். எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம், ஆனால் நடுவில் மாற்றக் கூடாது.

பந்து அடிபட்டுப் போகும் பக்கத்தைக் கூட்டல் என்று கொள்வோம். அப்படியானால் வந்த வேகம் −30, போன வேகம் +25. மாற்றம் என்பது எப்போதும் பின்னது கழித்தல் முன்னது: 25 − (−30) = 55. அதை 0.16 ஆல் பெருக்கினால் 8.8 நியூட்டன்-வினாடி. மட்டை முதலில் பந்தை நிறுத்த வேண்டும், அப்புறம் திருப்பி அனுப்ப வேண்டும். இரண்டு வேலை. நான் போட்ட கணக்கில் பந்து மட்டையை ஊடுருவி, கொஞ்சம் வேகம் குறைந்து, விக்கெட் கீப்பர் பக்கம் போயிருந்தது.

கிரிக்கெட் பந்தும் மட்டையும் தொட்டிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு மில்லி வினாடி. 8.8ஐ 0.001 ஆல் வகுத்தால் சராசரி விசை 8,800 நியூட்டன், அதாவது 900 கிலோ எடை அளவு. பூஜ்யம் அதிகமாகப் போட்டுவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், மோதல் கணக்கில் எண்கள் இப்படித்தான் வரும்.

'ஸாஃப்ட் ஹேண்ட்ஸ்' என்று வர்ணனையாளர்கள் சொல்வதையும் இந்த இடத்தில் கவனியுங்கள். பிடியைத் தளர்த்தினால் கை அதிர்வை வாங்கிக்கொள்ளும், அதனால் பந்து செத்து விழும் என்று பொதுவாக விளக்குவார்கள். ஆனால் ஒரு மில்லி வினாடியில், பந்து பட்ட சேதி மட்டையின் பிடிவரை போய்த் திரும்புவதற்குள் பந்து கிளம்பியிருக்கும். பிடியின் இறுக்கத்துக்கு அங்கே பெரிய வேலை இல்லை. தளர்ந்த கை மட்டையைப் பந்தை நோக்கித் தள்ளாமல் வைத்திருக்கிறது, சில நேரம் பந்தோடு சேர்த்துப் பின்னால் போகவும் விடுகிறது. இரண்டும் நெருங்கும் வேகம் குறைந்தால் திரும்பும் வேகமும் குறையும். பந்து ஸ்லிப்பில் நிற்கும் ஃபீல்டருக்கு எட்டாமல் முன்னாலேயே விழும்.

கேரம்: வட்டத்துக்குள் யார்?

ஒரு பொருளை மட்டும் பார்த்தால் அதன் உந்தம் மாறிக்கொண்டே இருக்கும். மோதும் இரண்டையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, வெளியிலிருந்து குறிப்பிடத்தக்க விசை எதுவும் இல்லை என்றால், வட்டத்துக்குள் இருக்கும் மொத்த உந்தம் மாறாது. ஒன்று இழந்ததை மற்றது பெறும். இதுதான் உந்த அழிவின்மை விதி. எனவே ஒவ்வொரு கணக்கிலும் முதல் கேள்வி: வட்டத்துக்குள் யார் யார்? வெளியிலிருந்து யாராவது கை நீட்டுகிறார்களா?

பவுடர் போட்ட கேரம் போர்டு இதற்கென்றே செய்தது போல இருக்கும். மோதும் கணத்தில் உராய்வைக் கண்டுகொள்ளாமல் விடலாம். சர்வதேச விதிப்படி காயின் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது. வசதிக்காக 5, 15 என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போய் நின்றுகொண்டிருக்கும் காயினை நேராக அடிக்கிறது. இனி என்ன?

முன் உந்தம் 15 × 2 = 30 (இரண்டு பக்கமும் கிராமே இருப்பதால் இங்கே மட்டும் மாற்றாமல் விட்டுவிட்டேன்). மோதிய பின்னும் 30. ஆனால் தெரியாதவை இரண்டு: ஸ்ட்ரைக்கரின் வேகம், காயினின் வேகம். ஒரு சமன்பாடு போதாது. புதிதாகப் படிப்பவர்கள் திகைத்து நிற்பது இங்கேதான். இரண்டாவது தகவல் மோதலின் தன்மையிலிருந்து வரும். இரண்டும் ஒட்டிக்கொண்டால் பின் வேகம் ஒன்றே. ஆற்றல் சற்றும் வீணாகாத மீட்சி மோதல் என்றால், எவ்வளவு வேகத்தில் நெருங்கினவோ அதே வேகத்தில் விலகும். நடைமுறையில் எல்லா மோதலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான். விலகும் வேகத்தை நெருங்கிய வேகத்தால் வகுத்தால் வருவது மீட்சிக் குணகம். ஒட்டினால் 0, முழு மீட்சி என்றால் 1.

முழு மீட்சி என்று கொண்டால், காயின் ஸ்ட்ரைக்கரைவிட 2 மீ/வி கூடுதலாக ஓட வேண்டும். போட்டுப் பாருங்கள்: ஸ்ட்ரைக்கர் 1, காயின் 3. சரிபார்க்க: 15 × 1 + 5 × 3 = 30. பொருந்துகிறது. குணகம் 0.8 என்றால் ஸ்ட்ரைக்கர் 1.1, காயின் 2.7.

இரண்டு விடையிலும் ஸ்ட்ரைக்கர் நிற்கவில்லை, அதே திசையில் தொடர்கிறது. குழிக்கு நேரே இருக்கும் காயினை ஓங்கி அடித்தால், காயின் விழுந்த சந்தோஷம் அடங்குமுன் ஸ்ட்ரைக்கரும் பின்னாலேயே விழுந்து ஃபைன் கட்ட வைப்பதற்கு இதுதான் காரணம். மோதுவது கனம், இலக்கு லேசு என்றால் மோதுவது தொடர்ந்து போகும். இரண்டும் சம நிறை, முழு மீட்சி என்றால், நேர் மோதலில் மோதுவது அப்படியே நின்று தன் வேகம் முழுவதையும் மற்றதற்குக் கொடுத்துவிடும். ஸ்நூக்கரில் வெள்ளைப் பந்தை நடுவில் குத்தி ஒரு பந்தை நேராக அடிக்கும்போது அதைப் பார்க்கலாம். (அந்த ஆட்டத்தின் விதிகள் முறைப்படுத்தப்பட்டது நம் ஊட்டி கிளப்பில்தான்.)

ஓரமாகத் தட்டும் 'கட்' ஷாட்டில் இன்னும் சுவையான விஷயம் இருக்கிறது. தொடும் கணத்தில் இரண்டின் மையங்களையும் இணைக்கும் கோடு எதுவோ, அந்தக் கோட்டில்தான் காயின் போகும். நீங்கள் ஸ்ட்ரைக்கரை எந்தப் பக்கத்திலிருந்து விட்டீர்கள் என்பது காயினுக்குத் தெரியாது. ஆகவே குறி பார்க்கும் முறை: குழியிலிருந்து காயினின் மையம் வழியாக ஒரு கோட்டை மனசில் இழுங்கள். காயினுக்கு மறுபக்கம், அந்தக் கோட்டின் மேல், ஸ்ட்ரைக்கரின் மையம் வந்து உட்கார வேண்டிய இடத்தைப் பாருங்கள். அங்கே ஸ்ட்ரைக்கரை அனுப்பினால் போதும்.

ஸ்ட்ரைக்கர் எங்கே போகும்? சம நிறைப் பந்துகள் ஓரமாக மோதினால், கிட்டத்தட்ட 90 டிகிரி கோணத்தில் பிரியும். ஆனால் மூன்று மடங்கு கனமான ஸ்ட்ரைக்கர், ஒற்றைக் காயினை எவ்வளவு சாமர்த்தியமாகத் தட்டினாலும், தன் பழைய பாதையிலிருந்து ஏறத்தாழ 19½ டிகிரிக்கு மேல் விலகாது. மூன்றில் ஒரு பங்கு என்ற நிறை விகிதத்திலிருந்தே இந்த எண் வந்துவிடுகிறது. அதனால் அடிக்கும் முன், ஸ்ட்ரைக்கர் போகும் பாதையின் இருபுறமும் இருபது டிகிரி விசிறி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். அந்த விசிறிக்குள் குழி இருந்தால் ஃபைனுக்கு வாய்ப்பிருக்கிறது. நான் இதைக் கணக்காகத் தெரிந்துகொள்வதற்கு முன்பே, எங்கள் தெருவில் நன்றாக ஆடும் அண்ணன்கள் அனைவரும் இதைக் கண்ணால் தெரிந்து வைத்திருந்தார்கள்.

கபடி: ஒட்டிக்கொள்ளும் மோதல்

ஆட்களைப் பிடிப்பது மீட்சியற்ற மோதல். பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே உடம்பாக நகர்கிறார்கள், கணக்கு சுலபம். 70 கிலோ ரெய்டர் (பாடி வந்தவர்) தன் பக்கம் திரும்ப நடுக்கோட்டை நோக்கி 5 மீ/வி வேகத்தில் பாய்கிறார். 80 கிலோ டிஃபெண்டர் எதிரே 2 மீ/வி வேகத்தில் வந்து பிளாக் போடுகிறார். நடுக்கோட்டின் பக்கம் கூட்டல்.

70 × 5 − 80 × 2 = 190. மொத்த நிறை 150. பின் வேகம் +1.27 மீ/வி. கூட்டல் குறி! பத்து கிலோ கூடுதலாக இருந்தும், முட்டிக்கொண்ட பிறகு இரண்டு பேரும் நடுக்கோட்டை நோக்கித்தான் சரிகிறார்கள். கை நீட்டினால் கோடு. இப்போது இரண்டு பேர் கைகோத்துச் செயின் போட்டு அதே வேகத்தில் வந்தால்: 350 − 320 = 30, அதை 230 ஆல் வகுத்தால் 0.13. கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறார். செயினின் பலம் வெறும் ஆள்பலம் இல்லை, எதிர்த்திசை உந்தம் இரட்டிப்பாகிறது.

ஒற்றை ஆளுக்கு வேறு வழி உண்டு, பக்கவாட்டில் டேஷ், அதாவது இடித்து வெளியே தள்ளுவது. ரெய்டர் நடுக்கோட்டை நோக்கி அதே 5 மீ/வி. டிஃபெண்டர் செங்குத்தாக, வெளிக்கோட்டை நோக்கி 4 மீ/வி. திசைகள் இரண்டு என்றால் கணக்கும் இரண்டு, ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. நடுக்கோட்டின் திசையில் 350 ÷ 150 = 2.33 மீ/வி. வெளிக்கோட்டின் திசையில் 320 ÷ 150 = 2.13 மீ/வி. மோதிய இடத்திலிருந்து நடுக்கோடு 3 மீட்டர், லாபியை (ஆடுகளத்தின் ஓரப் பட்டையை) தாண்டிய வெளிக்கோடு 1.5 மீட்டர் என்றால், நடுக்கோட்டுக்கு 1.29 வினாடி, வெளிக்கோட்டுக்கு 0.7 வினாடி. ரெய்டர் அவுட். அவர் முன்னால் ஓடும் வேகத்தை நேருக்கு நேர் நின்று தடுக்கத் தேவையே இல்லை, அதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் தள்ளினால் போதும்.

கபடியில் இந்தக் கணக்கு கிரிக்கெட்டைப் போல நறுக்கென்று பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மட்டையும் பந்தும் ஒரு மில்லி வினாடியில் முடித்துக்கொள்கின்றன. மனிதர்கள் மோதி இறுகப் பிடிக்க அதைவிடப் பல மடங்கு நேரம் ஆகிறது, அதற்குள் கால்கள் தரை விரிப்பை உதைக்கத் தொடங்கிவிடுகின்றன. வட்டத்துக்கு வெளியிலிருந்து தரை கை நீட்டுகிறது. ஆகவே இந்த விடைகள் முதல் கணத்துக்குத்தான். அடுத்த கணத்தில் யார் காலை நன்றாக ஊன்றினார் என்பது வேறு கதை.

பிளாக் கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். ரெய்டரின் உந்தம் 261 நியூட்டன்-வினாடி குறைந்தது, டிஃபெண்டரின் உந்தம் நடுக்கோட்டின் பக்கம் அதே 261 மாறியது. கணத்தாக்கு இருவருக்கும் சமம், யார் யாரை இடித்தார் என்ற வழக்கெல்லாம் இயற்பியலில் எடுபடாது. ஆனால் இயக்க ஆற்றல் மோதும் முன் 1,035 ஜூல், பின் 120 ஜூல். மீதி 900 ஜூலுக்கு மேல் தோள், விலா, தொடை என்று இரண்டு உடம்புக்குள்ளும் போய்விட்டது. மறுநாள் காலையில் தெரியும்.

கேட்ச்: நேரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது

கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்தால் நேரம் கூடும், விசை குறையும். இது எல்லோரும் சொல்வது, சரியும்கூட. ஆனால் நேரம் எவ்வளவு? நான் படித்த ஒரு கணக்கில் 0.1 வினாடி என்று போட்டிருந்தது. அந்த எண்ணை நம்பும் முன் தூரத்தை வைத்துச் சோதியுங்கள்.

160 கிராம் பந்து, மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது 20 மீ/வி. உந்தம் 3.2. சீராக நிற்கிறது என்றால் நிற்கும்வரை சராசரி வேகம் பாதி, 10 மீ/வி. 0.1 வினாடியில் அது ஒரு மீட்டர் போகும். கையை ஒரு மீட்டர் பின்னால் இழுத்துக் கேட்ச் பிடித்தவரை நான் பார்த்ததில்லை.

ஆகவே தூரத்திலிருந்து நேரத்துக்கு வாருங்கள். கை 30 சென்டிமீட்டர் பின்னால் போகிறது: 0.3 ÷ 10 = 0.03 வினாடி. விசை 3.2 ÷ 0.03, சுமார் 107 நியூட்டன், 11 கிலோ எடை. கையை விறைப்பாக நீட்டினால், உள்ளங்கைச் சதையும் மணிக்கட்டும் சேர்ந்து 2 சென்டிமீட்டர் கொடுக்கலாம்: 0.002 வினாடி, 1,600 நியூட்டன், 160 கிலோவுக்கும் மேல். பந்து துள்ளி வெளியே விழுவது ஏன், விரல் பிசகுவது ஏன் என்று இனி விளக்க வேண்டியதில்லை. விக்கெட் கீப்பரைத் தவிர மற்ற ஃபீல்டர்கள் கிளவுஸ் போட விதி இடம் தருவதில்லை என்பதால், அவர்களிடம் இருப்பது இந்த 30 சென்டிமீட்டர் மட்டும்தான்.

தெரு கிரிக்கெட்டின் டென்னிஸ் பந்து 58 கிராம் அளவு, அதோடு அதுவே கையில் அமுங்கியும் கொடுக்கும். உந்தமும் குறைவு, நேரமும் அதிகம். அதனால்தான் பத்து வயதுப் பையன்கூடப் பயமில்லாமல் கை நீட்டுகிறான். ஹெல்மெட்டின் உள் திண்டும், கபடி விரிப்பும், வாலிபால் ஆடுபவர் குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்குவதும் இதே கணக்கின் வேறு எண்கள். நிற்கும்வரை போகும் தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்து நேரம் கண்டுபிடியுங்கள், அதற்குப் பிறகு விசை.

வீட்டில் செய்து பார்க்க

மீட்சிக் குணகத்தை அளக்க ஒரு டேப்பும் கெட்டியான தரையும் போதும். பந்தை ஓர் உயரத்திலிருந்து விடுங்கள். எழும்பிய உயரத்தை விட்ட உயரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். உங்கள் அளவு சரியா என்று பார்க்க இரண்டு ஒப்பீடுகள்: போட்டிக்கான டென்னிஸ் பந்து 254 சென்டிமீட்டரிலிருந்து விட்டால் 135 முதல் 147 வரை எழும்ப வேண்டும் என்பது விதி, குணகம் 0.73 முதல் 0.76. டேபிள் டென்னிஸ் பந்து 30.5 சென்டிமீட்டரிலிருந்து எஃகுக் கட்டையில் விழுந்து 24 முதல் 26 வரை எழும்ப வேண்டும், குணகம் 0.9 பக்கம். வாங்கி நாளான பந்தை அளந்தால் இதைவிடக் குறைவாக வரும், பயப்பட வேண்டாம்.

கேரமுக்கு ஸ்லோ மோஷன் எடுக்கும் செல்போன் வேண்டும். போர்டுக்கு நேர் மேலே போனை நிறுத்தி, வினாடிக்கு 240 படம் என்று வைத்து எடுங்கள். சட்டத்துக்குள் இருக்கும் ஆடுபரப்பின் பக்க அளவு ஏறத்தாழ 74 சென்டிமீட்டர், அதையே அளவுகோலாகக் கொள்ளலாம். காயின் 10 சென்டிமீட்டர் போக 8 படங்கள் ஆனால், நேரம் முப்பதில் ஒரு வினாடி, வேகம் 3 மீ/வி. மோதுவதற்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் மட்டும் அளங்கள். தள்ளிப் போகப் போக உராய்வு வேகத்தைத் தின்றுவிடும், பின் உந்தம் குறைந்தது போலத் தோன்றும். ஸ்ட்ரைக்கரையும் காயினையும் நகைக்கடைத் தராசு போன்ற சிறிய தராசில் ஒருமுறை நிறுத்துக்கொள்ளுங்கள், கடையில் விற்கும் ஸ்ட்ரைக்கர்கள் எல்லாம் 15 கிராமுக்குள் இருப்பதில்லை. நல்ல வெளிச்சத்தில், முதல் தடவை நேர் ஷாட்டை மட்டும் எடுங்கள். கட் ஷாட்டை அளப்பதற்குப் படத்தின் மேல் பாகைமானி வைக்க வேண்டியிருக்கும், அதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போகும்.